வெட்டுறது நாம, ஒட்டுறது ஈஸ்ட்

போன பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா பொட்டிபுரம். தேனி மாவட்டம், போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் பக்கம், மேற்கே திரும்பினா நேரா மலைதான் தெரியும். வாசல்ல எங்க அப்பத்தா முறத்துல ஏலக்காயைக் கொட்டிப் பொறுக்கிட்டு இருந்துச்சு. பச்சை மாறாத காய் ஒரு பக்கம், வெடிச்சது ஒரு பக்கம், வெளிறினது ஒரு பக்கம். முப்பது வருஷம் விடியக்காலை ஜீப்புல போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போன ஆளு. இப்ப முட்டி வலி, அதனால வீட்டோட இருந்து காய் பொறுக்கிக் கொடுக்குது.

"கடைசி வருஷம் என்னதான் தாயி படிக்கிற?"

நான் பயோடெக்னாலஜி. செமினார் தலைப்பை அப்படியே சொன்னேன்: ஈஸ்ட்டோட குரோமோசோமை என்சைம் வச்சு வெட்டி மாத்தி அமைக்கிறது. அப்பத்தா முறத்தைக் கீழே வச்சுட்டு என்னைப் பார்த்துச்சு. ஈஸ்ட்னா கள்ளைப் பொங்க வைக்கிற, ரொட்டியை உப்ப வைக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒரு உசிருன்னு சொன்னேன். குரோமோசோம்னா அது உள்ள இருக்கிற நூல், அது எப்படி வாழணும்ங்கிறது அந்த நூல்லதான் எழுதியிருக்குன்னு சொன்னேன்.

"அந்த நூல வெட்டுனா அது செத்துப் போகாதா?"

என் செமினார்ல 22 ஸ்லைடு இருந்துச்சு. ஒண்ணுலகூட இதுக்குப் பதில் இல்ல. "அதெல்லாம் சாகாது அப்பத்தா"ன்னு சொல்லிட்டு போனை எடுத்துப் பார்த்துக்கிட்டேன். ஆனா கேள்வி விடல. ஹாஸ்டலுக்கு வந்து பேப்பர் பேப்பரா தேடினப்பதான் தெரிஞ்சது, இந்த ஃபீல்டுல கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்னு.

இதைத் தமிழ்ல எழுதுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. எங்க ஊர்ப் பேரை நீங்க ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீங்க. நியூட்ரினோ ஆய்வகம். 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்த திட்டம், எங்க ஊர் மலையைக் குடைஞ்சு வர்றதா இருந்துச்சு. அப்ப நான் சின்னப் பொண்ணு. பஸ் ஸ்டாப்புல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க: மலை வெடிக்கும்பாங்க, கதிர்வீச்சு வரும்பாங்க, தண்ணி வத்திப்போகும்பாங்க. சுரங்கம் தோண்டுறதைப் பத்தின பயத்துல நியாயமானதும் இருந்திருக்கலாம், இல்லாததும் இருந்திருக்கலாம். ரெண்டையும் பிரிச்சுச் சொல்ற ஒரு ஆளு எங்க தெருவுல இல்ல. திட்டம் கோர்ட்டு, கேஸுன்னு போய் நின்னுடுச்சு. 2022ல தமிழ்நாடு அரசே உச்ச நீதிமன்றத்துல எதிர்ப்பைப் பதிவு பண்ணுச்சு. அது வரணுமா வேண்டாமாங்கிறது வேற கட்டுரை. எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச எனக்கு, நியூட்ரினோன்னா என்னன்னு அப்பத்தாவுக்குச் சொல்ல அன்னைக்கும் தெரியல. ஈஸ்ட் விஷயத்துலயாவது தப்பிக்காம சொல்லிப் பார்ப்போம்.

முதல்ல கத்தரிக்கோல்

டிஎன்ஏ-வை வெட்டுற என்சைம்களை மனுஷன் கண்டுபிடிச்சான்னு சொல்றதைவிட, பாக்டீரியாகிட்ட இருந்து எடுத்துக்கிட்டான்னு சொல்றதுதான் சரி. பாக்டீரியாவையும் வைரஸ் தாக்கும். உள்ள நுழையுற வைரஸோட டிஎன்ஏ-வைத் துண்டு துண்டா நறுக்க பாக்டீரியா வச்சிருக்கிற ஆயுதம்தான் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்சைம். தன்னோட டிஎன்ஏ-வையே வெட்டிக்காம இருக்க, அந்தந்த இடத்துல ஒரு சின்ன வேதியியல் அடையாளம் போட்டு வச்சுக்கும். இதுக்காக வெர்னர் ஆர்பர், டேனியல் நாதன்ஸ், ஹாமில்டன் ஸ்மித் மூணு பேருக்கும் 1978ல நோபல் பரிசு. ஸ்மித் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.

ஒவ்வொரு என்சைமுக்கும் ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசைதான் கண்ணுக்குத் தெரியும். டிஎன்ஏ-ல நாலே எழுத்து: ஏ, டி, ஜி, சி. ஈக்கோ-ஆர்-ஒன் என்ற என்சைம் ஜி-ஏ-ஏ-டி-டி-சி என்று ஆறு எழுத்து வரிசையா வர்ற இடத்தை மட்டும் வெட்டும். நாலு எழுத்துல ஆறு இடத்தை நிரப்ப 4,096 வழி. அதாவது சராசரியா 4,096 எழுத்துக்கு ஒரு வெட்டு. எம்-3 பேப்பர்ல அரியர் வச்சவங்களுக்கும் இந்த ப்ராபபிலிட்டி புரியும்.

நிஜம் கணக்கு மாதிரியே நடக்காதுங்கிறதுக்கு எங்க லேப்ல பண்ணின லாம்டா டிஎன்ஏ நல்ல உதாரணம். மொத்தம் 48,502 எழுத்து. கணக்குப்படி பன்னிரண்டு வெட்டு கிட்ட விழணும். ஈக்கோ-ஆர்-ஒன் வெட்டுறது அஞ்சே இடம், கிடைக்கிறது ஆறு துண்டு. இதை ஜெல்லுல ஓட்டி ஆறு கோடு பார்க்கணும். எங்க பேட்ச்ல ஒரு கோடுதான் வந்துச்சு. காரணம் ரொம்ப சிம்பிள்: இருந்த ஒரே என்சைம் ட்யூபை யாரோ ஐஸ்ல இருந்து எடுத்து மேஜைமேல வச்சுட்டு, ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கப் போயிட்டாங்க. (யாரோ இல்ல, நான்தான்.) அறுபது பேரும் சீனியர் ரெக்கார்டுல இருந்த ஆறு கோட்டைப் பார்த்து வரைஞ்சு கொடுத்தோம்.

ஈஸ்ட்டுக்கு வருவோம். நாம பேசுற ஈஸ்ட் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. பேக்கரியில இருக்கிறதும் பீர் தொழிற்சாலையில இருக்கிறதும் இதுதான். 16 குரோமோசோம், கிட்டத்தட்ட 1.2 கோடி எழுத்து, ஆறாயிரம் போல ஜீன். 1996லயே முழுசா வாசிச்சு முடிச்சாச்சு. செல்லுக்குள்ள உட்கருன்னு தனி அறை வச்சிருக்கிற உயிர்கள்ல முதல்ல முழுசா வாசிக்கப்பட்டது இதுதான். இதுக்குள்ள ஈக்கோ-ஆர்-ஒன்னை விட்டா, கணக்குப்படி மூவாயிரம் இடத்துல வெட்டு விழும். அப்பத்தா பயந்த மாதிரி, அது செத்துதான் போகும். ஆறு எழுத்துக் கத்தரி லேப் ட்யூபுக்கு சரி. உயிரோட இருக்கிற குரோமோசோமை மாத்தி அமைக்கணும்னா, ஒரே இடத்துல வெட்டுற கத்தரி வேணும்.

தன்னையே வெட்டிக்கிற ஈஸ்ட்

அந்தக் கத்தரி ஈஸ்ட்கிட்டயே இருக்கு. ஆண், பெண் மாதிரி ஈஸ்ட்லயும் ரெண்டு வகை உண்டு: ஏ, ஆல்ஃபா. ஏ-யும் ஆல்ஃபாவும்தான் சேர முடியும். தனியா ஒரு இடத்துல மாட்டிக்கிட்ட ஈஸ்ட் என்ன பண்ணும்? தன் வகையையே மாத்திக்கும். மூணாவது குரோமோசோமோட நடுவுல, தான் எந்த வகைன்னு சொல்ற ஒரு பகுதி இருக்கு. அதே குரோமோசோமோட ரெண்டு ஓரத்துலயும் ஏ-க்கு ஒரு நகல், ஆல்ஃபாவுக்கு ஒரு நகல் பூட்டி வச்சிருக்கும். பூட்டியிருக்கிறதால அதுங்க பேசாது. வகையை மாத்தணும்னா, ஹெச்ஓ என்ற என்சைம் வந்து நடுப்பகுதியை வெட்டும். செல் பதறிப்போய் வெட்டைச் சரிபண்ண ஓடும். கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கிற இன்னொரு பகுதியைத் தேடி, அதைப் பார்த்து எழுதிக்கும். அது பார்த்து எழுதுறது எதிர் வகையோட நகலை. ஏ, ஆல்ஃபா ஆயிடும்.

அதாவது, வெட்டு விழுந்ததால சாகல. வெட்டு விழுந்ததாலதான் மாறுச்சு.

ஏலக்காய் கமிஷன் மண்டியில கணக்கு நோட்டு பார்த்திருப்பீங்க. ஒரு பக்கம் கிழிஞ்சா, கார்பன் காப்பி இருந்தா அதைப் பார்த்துத் திருப்பி எழுதிடலாம், ஒரு எழுத்து பிசகாது. கார்பன் காப்பி இல்லன்னா கிழிஞ்ச ரெண்டு ஓரத்தையும் பசை போட்டு ஒட்டணும். அப்ப ஓரத்துல ஒண்ணு ரெண்டு எழுத்து போயிடும். செல்லுக்கும் இந்த ரெண்டு வழிதான். ஈஸ்ட்டுக்கு முதல் வழிதான் ரொம்பப் பிடிக்கும்.

அமெரிக்காவுல பிராண்டைஸ் பல்கலைக்கழகத்துல ஜேம்ஸ் ஹேபர் என்பவர் இதையே வாழ்நாள் வேலையா பண்ணியிருக்கார். ஹெச்ஓ என்சைமை கேலக்டோஸ் என்ற சர்க்கரை கொடுத்தா மட்டும் வர்ற மாதிரி மாத்தி வச்சார்கள். கிட்டத்தட்ட ஒரு சுவிட்ச். சுவிட்சைப் போட்டா எல்லா செல்லுலயும் அந்த ஒரே இடத்துல வெட்டு. பார்த்து எழுத நகல் இருந்தா, ஈஸ்ட் பெரும்பாலும் பிழைச்சுக்கும். அந்த ரெண்டு நகலையும் முன்கூட்டியே அழிச்சுட்டு, சுவிட்சை அணைக்காம விட்டா? ஆயிரத்துக்கு ரெண்டு மூணுதான் பிழைக்கும்.

ஆக, அப்பத்தா கேட்டதுக்குப் பதில் இதுதான்: ஒரே ஒரு வெட்டே கொல்லும். ஆனா பார்த்து எழுத நகல் இருந்தா கொல்லாது.

பிழைச்ச அந்த ரெண்டு மூணைப் பாருங்க, அதுலதான் சூட்சுமம். ஓரங்களைப் பசை போட்டு ஒழுங்கா ஒட்டினா, பழைய எழுத்து வரிசை திரும்ப வந்துடும். என்சைம் மறுபடி வந்து வெட்டும். மறுபடி ஒட்டும், மறுபடி வெட்டும். எப்பவாவது ஒரு தடவை ஒரு எழுத்து கூடவோ குறையவோ தப்பா ஒட்டினா, என்சைமுக்கு அந்த இடம் அடையாளம் தெரியாது. அது மட்டும் தப்பிச்சுக்கும். கடைசியில உயிரோட இருக்கிறது எல்லாம் தப்பா ஒட்டினவங்க. இன்னைக்கு கிரிஸ்பர் வச்சு ஒரு ஜீனை செயலிழக்க வைக்கிறோம்னு சொல்றாங்களே, அதுல நடக்கிறதும் இதேதான்.

கண்ணையும் கத்தியையும் பிரிச்சவர்

ஹெச்ஓ ஒரு இடத்தை மட்டும்தான் பார்க்கும். ஈஸ்ட்டோட மைட்டோகாண்ட்ரியாவுல இருந்து எடுத்த ஐ-எஸ்சிஇ-ஒன் என்ற இன்னொரு என்சைம் 18 எழுத்து வரிசையைத் தேடும். நாலை 18 தடவை பெருக்கிப் பாருங்க, 6,800 கோடியைத் தாண்டும். 1.2 கோடி எழுத்துக்குள்ள அது தற்செயலா வர வாய்ப்பே இல்ல. அதனால வெட்டணும்னு நினைக்கிற இடத்துல முதல்ல அந்த 18 எழுத்தை நாமளே கொண்டுபோய் வைக்கணும். வேலை ரெண்டு மடங்கு. நாம சொல்ற இடத்தை, எந்த இடமா இருந்தாலும், தேடிப்போய் வெட்டுற கத்தரி வேணும்னு எல்லாருக்கும் ஆசை.

இங்கதான் நான் செமினாருக்குப் படிக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்த இடம். பேப்பர்ல ஆசிரியர் பேர்: ஸ்ரீநிவாசன் சந்திரசேகரன். எங்க காலேஜ் அட்டெண்டன்ஸ்ல கூப்பிடுற பேர் மாதிரியே இருந்துச்சு. அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர், மேலே சொன்ன ஹாமில்டன் ஸ்மித்தோட சேர்ந்து வேலை பார்த்தவர். அவர் எடுத்துக்கிட்டது ஃபோக்-ஒன் என்ற பாக்டீரியா என்சைம். இதுல ஒரு விநோதம்: ஜி-ஜி-ஏ-டி-ஜி என்ற வரிசையை அடையாளம் பார்க்கும், ஆனா அங்க வெட்டாம, ஒரு இழையில 9 எழுத்து தள்ளியும் எதிர் இழையில 13 எழுத்து தள்ளியும் வெட்டும். அப்படின்னா பார்க்கிற பகுதியும் வெட்டுற பகுதியும் வேற வேறயா இருக்கணும் இல்லையா? சந்திரசேகரன் குழு 1992ல அதை நிரூபிச்சது. 1996ல வெட்டுற பகுதியை மட்டும் கழட்டி, வேற வரிசையைப் பார்க்கிற ஒரு புரதத்தோட (ஜிங்க் ஃபிங்கர்) பொருத்தினார்கள். கண்ணு ஒருத்தரோடது, கத்தி இன்னொருத்தரோடது. கண்ணை மாத்தினா வெட்டுற இடம் மாறும். மெக்கானிக்கல் பசங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, ஹோல்டரை வச்சுக்கிட்டு பிட்டை மட்டும் மாத்துற கதை.

2012ல கிரிஸ்பர்-காஸ்9 வந்ததும் இதோட மவுசு குறைஞ்சது. அதுல கண்ணா இருக்கிறது ஒரு சின்ன ஆர்என்ஏ துண்டு, கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி ஆர்டர் போட்டா வந்துடும். ஜெனிஃபர் டவுட்னாவுக்கும் எமானுவேல் ஷார்பான்டியேவுக்கும் 2020ல நோபல். எல்லாருக்கும் கிரிஸ்பர் தெரியும். கண்ணும் கத்தியும் தனித்தனியா மாத்தலாம்ங்கிற யோசனை அதுக்கு 16 வருஷம் முன்னாடியே ஒரு பேப்பர்ல இருந்துச்சுன்னு நம்ம டிபார்ட்மென்ட்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கு மூணாவது வருஷம் வரைக்கும் தெரியாது.

சந்திரசேகரன் அதோட நிக்கல. 2014ல அவரும் ஜெஃப் போக்கியும் சேர்ந்து, ஈஸ்ட்டோட மூணாவது குரோமோசோமை முழுசா செயற்கையா கட்டி வெளியிட்டார்கள். இயற்கையில 3,16,617 எழுத்து, இவங்க கட்டினது 2,72,871. தேவையில்லைன்னு பட்டதை எடுத்துட்டாங்க. ஈஸ்ட் அதை வச்சுக்கிட்டு வழக்கம்போல வாழ்ந்துச்சு. இதுல எனக்குப் பொறாமையா இருக்கிற விஷயம் வேற: அந்தக் குரோமோசோமுக்கான சின்னச் சின்னத் துண்டுகளைக் கட்டினது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யூஜி மாணவர்கள். 'பில்டு எ ஜீனோம்'னு ஒரு கோர்ஸே வச்சிருந்தார்கள். நாம அறுபது பேர் ஒரு என்சைம் ட்யூபுக்கு லைன்ல நின்னதை நினைச்சுப் பார்த்தேன்.

அந்தச் செயற்கைக் குரோமோசோம்ல 98 இடத்துல ஒரு சின்ன அடையாள வரிசை வச்சிருக்காங்க. க்ரி என்ற என்சைமை விட்டா, அந்த அடையாளங்கள்ல வெட்டி அதுவே மாத்தி மாத்தி ஒட்டும். நடுத்துண்டு காணாமப் போகும், தலைகீழாத் திரும்பும், ரெண்டு மடங்காகும். ஒவ்வொரு செல்லுலயும் ஒவ்வொரு மாதிரி. சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி குரோமோசோமைக் கலைச்சுட்டு, எது நல்லா வளருதுன்னு பார்க்கலாம்.

பதினாறை ஒண்ணாக்கினவங்க

ரெண்டு வெவ்வேற குரோமோசோமை ஒரே நேரத்துல வெட்டினா நாலு நுனி கிடைக்கும். எந்த நுனி எதோட ஒட்டணும்னு யார் சொல்றது? இங்கதான் இன்ஜினியர் வேலை. ஒரு சின்ன டிஎன்ஏ துண்டைத் தயார் பண்ணுவாங்க. அதோட இடது பாதி முதல் குரோமோசோம் ஓரத்தைப் போல, வலது பாதி ரெண்டாவது குரோமோசோம் ஓரத்தைப் போல இருக்கும். போலி கார்பன் காப்பின்னு வச்சுக்கோங்க. ஈஸ்ட்தான் காப்பியைப் பார்த்து எழுதுற ஆள் ஆச்சே, நம்பி ரெண்டையும் சேர்த்து எழுதிடும். வெட்டுறதோட நம்ம வேலை முடிஞ்சது, ஒட்டுறது பூரா ஈஸ்ட்தான்.

2018 ஆகஸ்ட்ல 'நேச்சர்' இதழ்ல ஒரே நேரத்துல ரெண்டு பேப்பர் வந்துச்சு. ஷாங்காய்ல சின் ஜோங்ஜுன் குழு இப்படி 15 தடவை அடுத்தடுத்து இணைச்சு, 16 குரோமோசோமையும் ஒரே நீளக் குரோமோசோமா ஆக்கிட்டாங்க. நியூயார்க்ல போக்கி குழு ரெண்டு குரோமோசோம் வரைக்கும் கொண்டுவந்தாங்க.

சும்மா நுனியோட நுனி ஒட்டினா மட்டும் போதாது. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் சென்ட்ரோமியர்னு ஒரு பிடி உண்டு. செல் ரெண்டாப் பிரியும்போது அதைப் பிடிச்சுதான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்கும். ரெண்டு குரோமோசோமை ஒட்டினா ஒண்ணுல ரெண்டு பிடி வந்துடும். வீரபாண்டித் திருவிழாவுல ஒரே தேருக்கு முன்னாலயும் வடம், பின்னாலயும் வடம் கட்டி எதிரெதிரா இழுத்தா என்ன ஆகும்? குரோமோசோம் அறுந்துடும். அதனால ஒவ்வொரு இணைப்பிலயும் ஒரு பிடியை வெட்டி எடுக்கணும். நுனி பிரிஞ்சுடாம கயித்துக்கு முடிச்சுப் போடுற மாதிரி இருக்கிற டெலோமியர்ல ரெண்டையும் எடுக்கணும். மொத்தக் கணக்குல 15 பிடி, 30 நுனி போச்சு. ஷாங்காய் ஈஸ்ட்ல மிஞ்சினது ஒரு பிடி, ரெண்டு நுனி.

அது செத்துச்சா? இல்ல. கொஞ்சம் மெதுவா வளருது, வித்து உருவாக்குறது குறைவு, அவ்வளவுதான். கோடி வருஷமா 16-ஆ இருந்த அமைப்பு, அப்படித்தான் இருக்கணும்னு கட்டாயம் இல்லாம இருந்திருக்கு. இதைப் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் கோவமே வந்துச்சு. அப்புறம் எதுக்குப்பா 16?

நியூயார்க் குழு கண்டது இன்னும் சுவாரசியம். எட்டு இணைப்பு பண்ணின ஈஸ்ட்டைப் பழைய 16 குரோமோசோம் ஈஸ்ட்டோட சேர்த்தா, வாரிசு சரியா வர்றதில்ல. ஜீன் எல்லாம் கிட்டத்தட்ட அதேதான். அடுக்கின விதம்தான் வேற. அடுக்கு மாறினதாலயே உறவு முறிஞ்சு போச்சு. புது இனம் எப்படிப் பிரியுதுங்கிற கேள்விக்கு ஒரு பாதிப் பதில் ஒரு லேப் ட்யூபுல கிடைச்ச மாதிரி.

இதே இணைப்பை இயற்கை பண்ணின ஒரு பிராணியை நாங்க ஊர்லயே பார்க்கலாம். மலைச்சரிவுல சாயங்காலம் நாய் குரைக்கிற மாதிரி கத்துமே, கேளையாடு. சீனக் கேளையாட்டுக்கு 46 குரோமோசோம். இந்தியக் கேளையாட்டுல பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7. பாலூட்டிகள்லயே இதுதான் ரொம்பக் குறைவு. பழைய குரோமோசோம்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒட்டித்தான் இப்படி ஆச்சு. கிரிஸ்பரும் இல்லாம, ஷாங்காயும் இல்லாம.

சூடு காட்டிக் கலைக்கிறது

மேலே சொன்னதெல்லாம் குறி வச்சு வெட்டுறது. ஜப்பான்ல டோக்கியோ பல்கலைக்கழகத்துல குனிஹிரோ ஓட்டா குழு, டொயோட்டாவோட ஆராய்ச்சி மையத்தோட சேர்ந்து, இதுக்கு நேர் எதிரா யோசிச்சார்கள் (ஆமா, அந்தக் கார் டொயோட்டாதான்). டாக்-ஒன் என்ற என்சைம் நாலே எழுத்தைப் பார்க்கும்: டி-சி-ஜி-ஏ. கணக்குப்படி 256 எழுத்துக்கு ஒரு இடம், ஈஸ்ட் முழுக்க நாற்பதாயிரத்துக்கும் மேல. முழுசா வெட்ட விட்டா ஈஸ்ட் தூளாயிடும். ஆனா இந்த என்சைம் வெந்நீர் ஊற்றுல வாழுற பாக்டீரியாவோடது. பிசிஆர்-ல நாம போடுற டாக் பாலிமரேஸ் வர்ற அதே பாக்டீரியா. 65 டிகிரியிலதான் நல்லா வேலை செய்யும், ஈஸ்ட் வளருற 30 டிகிரியில தூங்கும். கொஞ்ச நேரம் மட்டும் லேசா சூடு காட்டினா, அரைத்தூக்கத்துல எழுந்து அங்கங்க சில வெட்டு வெட்டிட்டுத் திரும்பத் தூங்கிடும். ஈஸ்ட் பதறிப்போய் கண்ட நுனியைக் கண்ட நுனியோட ஒட்டும். பிழைச்சதுல பல செல் புது அடுக்கோட இருக்கும். 2018ல ஈஸ்ட்லயும், அராபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியிலயும் பண்ணிக் காட்டினார்கள். எந்த ஜீனை மாத்தணும்னு தெரியாதப்ப இது உதவும். எது தேவைன்னு தெரியாம நிறையக் கலைச்சுப் போட்டு, நல்லதைப் பொறுக்குறது. அப்பத்தா முறத்துல பண்றதும் இதுல பாதிதான்.

இப்படி அடுக்கு மாறினதால லாபம் வருமான்னு கேட்டா, ஒயின் ஈஸ்ட்டைப் பாருங்க. ஒயின் கெடாம இருக்க நூத்துக்கணக்கான வருஷமா சல்ஃபைட் போடுறாங்க. அது ஈஸ்ட்டுக்கும் விஷம். ஆனா பல ஒயின் ஈஸ்ட்ல எட்டாவது குரோமோசோம் துண்டும் பதினாறாவது துண்டும் தானா இடம் மாறி ஒட்டியிருக்கு. அந்த ஒட்டுல, சல்ஃபைட்டை வெளியேத்துற ஒரு ஜீன் அதிகமா வேலை செய்யத் தொடங்கிடுச்சு. யாரும் திட்டம் போடல. பீப்பாய்க்குள்ள சாகாம மிஞ்சினது அதுதான். எங்க பக்கத்துல கம்பம் பள்ளத்தாக்கு பூரா பன்னீர் திராட்சை. அங்க போறப்பல்லாம் இனி இந்தக் கதைதான் ஞாபகம் வரும்.

தப்பா ஒட்டினா நஷ்டமும் உண்டு. மனுஷ ரத்தச் செல்லுல 9-வது குரோமோசோமும் 22-வதும் இப்படி நுனி மாறி ஒட்டினா, ஒரு வகை ரத்தப் புற்றுநோய் வரும். ஒட்டுற வேலை அதேதான், ஆள்தான் வேற.

மறுபடி வாசல்ல

ஏப்ரல்ல ஊருக்குப் போனப்ப அப்பத்தாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். கணக்கு நோட்டு, தேர், கேளையாடு வரைக்கும் கேட்டுக்கிட்டுச்சு. ஆயிரத்துல ரெண்டு மூணுதான் பிழைக்கும்னதும் "அப்ப மீதி?"ன்னு கேட்டுச்சு. செத்துடும்னு சொன்னேன். "அதத்தானே நானும் கேட்டேன்"னுச்சு.

அப்புறம் விஷயத்துக்கு வந்துச்சு. "இந்த வெட்டுற வேலைய ஏலச்செடியில பண்ணுவாங்களா? கட்டே நோய்க்கு வழி இருக்கா?" கட்டே நோய்ங்கிறது ஏலச்செடி இலையில வெளிர்கோடு விழுந்து செடி குட்டையாகிப் போற வைரஸ் நோய். வந்தா தூரோட பிடுங்கிப் போடணும். அப்படிப் பிடுங்கின கை அது.

உள்ளதைச் சொன்னேன். ஈஸ்ட் ஒன்றரை மணி நேரத்துல ரெண்டாகும், ஒரு செல் ஒரு நாள்ல 65,000 ஆகும். ஆயிரத்துல ரெண்டு பிழைச்சாலும் நமக்குப் போதும். ஏலச்செடிக்கு 48 குரோமோசோம், நட்டு மூணாவது வருஷம்தான் ஒழுங்காக் காய்க்கும். வெட்டி ஒட்டின ஒரு செல்லை முழுச்செடியா வளர்த்து எடுக்கிறதே பெரிய வேலை. ஏலத்துல இதுவரைக்கும் பெரிய மாற்றம் கொண்டுவந்த நல்லாணி ரகம்கூட லேப்ல இருந்து வரல. கட்டப்பனை பக்கத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தோட்டத்துல நல்லா காய்ச்ச செடியைக் கண்டு பிரிச்சு வளர்த்தது.

நெல்லுல மட்டும் ஆரம்பிச்சாச்சுன்னும் சொன்னேன். 2025 மே மாசம் மத்திய அரசு ரெண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்களை அறிவிச்சது: சம்பா மசூரியில இருந்து வந்த 'கமலா', எம்டியு 1010-ல இருந்து வந்த 'பூசா டிஎஸ்டி ரைஸ் 1'. அதுக்கு முன்னாடி 2022 மார்ச்ல ஒரு விதி வந்துச்சு. வெட்டு மட்டும் நாம போட்டு, ஒட்டுறதைச் செடியோட செல்லே பண்ணி, வெளி உயிரோட டிஎன்ஏ எதுவும் கடைசிச் செடியில மிஞ்சலன்னா, மரபணு மாற்றுப் பயிருக்கு இருக்கிற கடுமையான அனுமதி நடைமுறைகள்ல இருந்து விலக்கு. யார் ஒட்டினாங்கங்கிறது இப்ப சட்டத்துலயும் ஒரு கேள்வி. அந்த விலக்கு சரிதானான்னு விவசாய அமைப்புகள்ல ஒரு பக்கம் கேட்கிறாங்க, விஞ்ஞானிகள் ஒரு பக்கம் பதில் சொல்றாங்க. எனக்குத் தோணுறது, கேட்கிறவங்களுக்கு வெட்டுறது எது, ஒட்டுறது எதுன்னு தெரிஞ்சிருந்தா கேள்வி இன்னும் கூர்மையா இருக்கும்.

"நெல்லுக்கு வந்துருச்சுன்னா ஏலத்துக்கும் வரும். வரும்போது எங்ககிட்ட வந்து சொல்லுவாங்களா, இல்ல அந்த மலையக் குடையுற கதை மாதிரியா?"

நான் சொல்றேன் அப்பத்தான்னேன். "நீ வேலைக்கு பெங்களூர் போயிருப்ப"ன்னு சொல்லிட்டு முறத்தை என் பக்கம் தள்ளுச்சு. வெடிச்ச காயைத் தனியாப் போடச் சொல்லுச்சு. ஒரு கிலோ பொறுக்க எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, அதுலயும் பாதியை அது திருப்பிப் பொறுக்குச்சு.